வேகத்துக்கும் ஓர் இடம் உண்டு



நம் ஆவடியில் இரண்டு பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று ரயில் பாதை. இன்னொன்று சி.டி.எச். ரோடு. அம்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர் வரைக்கும் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பெரிதாக விலகாமல் போகின்றன. எக்ஸ்பிரஸ் ரயில் 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் நம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்போது, நாம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறோம். அதே நாம் வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது, 60-ல் வருகிற ஒரு பைக்கைப் பார்த்து நடுங்கிப் பின்வாங்குகிறோம்.

ரயிலோடு ஒப்பிட்டால் பைக்கின் எடையும் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் பயம் அதிகம். நம் வயதுக்காரர்களின் கோழைத்தனம் என்று பேரப்பிள்ளைகள் இதைச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் பாதி நம் ஊர் வழியாகவே நடந்திருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

தண்டவாளம் கற்ற பாடம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது போன பாதை நம் ஊர்ப் பாதைதான். அதுவரை இந்தப் பகுதியில் மனிதன் கண்ட அதிகபட்ச வேகம் குதிரையின் வேகம். திடீரென்று இரும்பில் ஒரு வேகம் வந்தது.

அந்த வேகம் பிறந்தபோதே ஓர் உயிரைக் கொண்டு போயிருந்தது. 1830 செப்டம்பர் 15, இங்கிலாந்தில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழா. வில்லியம் ஹஸ்கிஸன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ரயிலிலிருந்து கீழே இறங்கிப் பக்கத்துத் தண்டவாளத்தின் மேல் நின்றிருந்தார். அதில் வந்த ‘ராக்கெட்’ என்ற எஞ்சின் அவர் மேல் ஏறியது. அன்றிரவே இறந்துபோனார். வருகிற வண்டி எவ்வளவு சீக்கிரம் தன்னை வந்தடையும் என்று கணக்கிடும் பழக்கம் அந்தக் காலத்து மனிதக் கண்ணுக்கு இல்லை. இன்றைக்கும் பலருக்கு இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ரயில்காரர்கள் பாடம் கற்றார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் உயிரை விலையாகக் கொடுத்துத்தான் கற்றார்கள். 1889 ஜூனில் அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கருகே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற உல்லாச ரயில் விபத்துக்குள்ளாகி 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பாதையின் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க வேண்டும், பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டியிலும் வேலை செய்யும் தொடர் பிரேக் வேண்டும், சிக்னலும் பாதை மாற்றியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இன்று நம் லைனில் ஓடுகிற ரயிலின் ஓட்டுநர் தன் இஷ்டத்துக்கு வேகம் வைக்க முடியாது. எங்கே எவ்வளவு என்று பாதை ஓரத்துப் பலகை சொல்லும். வேலை நடக்கிற இடத்தில் குறைத்துப் போகும்படி கையில் எழுத்துமூலம் உத்தரவு கொடுப்பார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் வேலைக்கே உலை. ரயிலில் வேகத்தைத் தீர்மானிப்பது இடம். ஓட்டுகிறவர் அதைக் கடைப்பிடிக்கிறார், அவ்வளவுதான். இத்தனையும் இருந்தும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்கள் இன்றும் அடிபட்டுச் சாகிறார்கள். வேகமும் நடையும் ஒரே இடத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

ரோட்டுக்கு வந்த வேகம்

ரோட்டின் கதை வேறு மாதிரி. மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே ரோட்டில் கண்மூடித்தனமாக ஓட்டுவது குற்றம்தான். 1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவு அதற்கென்றே இருந்தது. அன்று அது குதிரை வண்டிக்காரனையும் குதிரைச் சவாரிக்காரனையும் மனதில் வைத்து எழுதியது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-ல் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும் தொகை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் அதே குற்றம் 281-வது பிரிவு. தண்டனை அதே ஆறு மாதம், அதே ஆயிரம் ரூபாய். குதிரை போய் 200 குதிரைத்திறன் வந்த பிறகும் அந்தத் தொகை நகரவில்லை.

இங்கிலாந்தில் 1865-ல் ஒரு சட்டம் இருந்தது. நீராவியில் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அந்தச் சட்டத்தை 1896-ல் தளர்த்தி, வேகத்தை 14 மைல் வரை உயர்த்த வழிசெய்தார்கள். அது அமலுக்கு வந்தது நவம்பரில். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்மணி மகளோடு நடந்து போனபோது, கண்காட்சிக்காக ஓட்டிக் காட்டிய ஒரு மோட்டார் வண்டி மோதி இறந்தார். அந்த நாட்டில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர். வண்டியின் வேகம் மணிக்கு 4 மைல்தான் என்று ஓட்டியவர் சொன்னார். இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று மரண விசாரணை அதிகாரி விரும்பினார். இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. பிறகு 1939-ல் விரிவான சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1988-ல் இயற்றி 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வண்டி முதலில் வந்தது. சட்டம் பின்னால் ஓடி வந்தது. ரயிலைப் போல வேகத்துக்கென்று தனிப் பாதை போடவில்லை. மாட்டு வண்டியும், கூடைக்காரியும், பள்ளிக்கூடப் பிள்ளையும் போய்க்கொண்டிருந்த அதே பாதையில் தார் ஊற்றி, அதிலேயே மோட்டாரையும் விட்டோம். வேகத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு இடத்திடமிருந்து ஓட்டுகிறவரின் காலுக்குப் போய்விட்டது. என் கருத்தில் எல்லாக் கோளாறும் அங்கேதான் தொடங்கியது.

சைக்கிள் ஆறு ஓடிய காலம்

1973-ல் நான் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தபோது, சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து வெளியே வருவது சைக்கிள் ஆறு. ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள். டைனமோ விளக்கு, பின் கேரியரில் டிபன் கேரியர். பாதிக்கு மேல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்த ஹெர்குலிஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1949-ல் தொடங்கிய கம்பெனி அது. அதே அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை, அப்புறம் பெரிய தொழிற்பேட்டை. மூன்று ஷிஃப்ட்டும் ரோட்டில் சைக்கிள்தான். லாரியும் பஸ்ஸும் அந்த ஆற்றைக் கிழித்துக்கொண்டு போக முடியாது. ஆற்றோடு சேர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். சி.டி.எச். ரோட்டுக்கு அந்தச் சைக்கிள்களே வேகத்தடை.

நாங்கள் செய்த விஜயந்தா டாங்கி ஏறத்தாழ 40 டன். முதல் டாங்கி 1965-ல் வெளியே வந்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். போருக்குப் போகிற வண்டிக்கு அவ்வளவு வேகம் போதுமாக இருந்தது. இன்று டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு அது போதவில்லை.

தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகப் பலகை இருக்கும். டாங்கி வருகிறதென்றால் எல்லாரும் ஓரம் நிற்பார்கள், டாங்கியும் மெதுவாகவே வரும். ஒரு விஷயம் எனக்குப் பல ஆண்டுகள் வியப்பாகவே இருந்தது. உள்ளே அவ்வளவு ஒழுங்காக ஊர்ந்த அதே ஆள், கேட்டைத் தாண்டியதும் ஸ்கூட்டரை முறுக்குவார். ஆள் மாறவில்லை. கேட்டுக்கு உள்ளே இடம் தீர்மானித்தது, வெளியே அவரே தீர்மானித்தார்.

பிறகு காலம் மாறியது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. காய்கறிக்காரரும் பால்காரரும் மிதிப்பதை விட்டார்கள். அது நல்ல மாற்றம். பலர் முதுகு நிமிர்ந்தது அதனால்தான். 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு 100 சி.சி. பைக்குகள் வந்தன. இண்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100. ஒல்லியான வண்டி, ஓசை ஒன்று, ஓட்டம் வேறு. அதுவரை 100 கிலோமீட்டர் வேகம் என்பது பணக்காரரின் காரிலும் புல்லட்டிலும் மட்டும் இருந்தது. அது மாதத் தவணையில் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. ரோடு மட்டும் அதே ரோடு. கடந்து போகிறவர்களும் அதே மனிதர்கள்.

டாலரன்ஸ்

என் பிரிவில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அளவுமானியைக் கையில் எடுத்தால் கோவில் தீபத்தை எடுப்பது போல எடுப்பார். “தம்பி, எந்த உருப்படிக்கும் ஒரு டாலரன்ஸ் இருக்கு. அதுக்குள்ள இருந்தா ஏத்துக்கலாம். தாண்டினா ஒரு மைக்ரான்னாலும் ரிஜெக்ட்தான். கெஞ்சினா இரும்பு கேக்காது” என்பார். தொழில் எனக்கு வந்தது அவரிடமிருந்து.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், ஒரு மார்கழி விடியற்காலையில், பால் வாங்க ரோட்டைக் கடந்தபோது ஒரு வேன் மோதி இறந்துபோனார். ஓட்டியவன் சின்னப் பையன். ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதுகொண்டே, “ஹாரன் அடிச்சேன் சார், அவர் நகரல” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஹாரன் அடித்திருப்பான். எழுபதை நெருங்கிய கால்கள் அந்த ஓசைக்கு எவ்வளவு சீக்கிரம் நகர முடியும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவருடைய சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். மனித உடம்புக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு. மோதலின் வேகத்தை, உயரத்திலிருந்து விழுவதாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். எலும்பு முறியலாம், பிழைக்க வாய்ப்பு உண்டு. 60-ல் மோதுவது 14 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்தாவது மாடி. 80 என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. எட்டாவது மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் ஒருவனை நடக்கச் சொன்னால் நடப்பானா? 80-ல் வண்டி ஓட்டும்போது அவன் செய்வது அதைத்தான். அதோடு நம்மையும் சேர்த்து அழைத்துப் போகிறான்.

பிரேக் கணக்கும் அப்படியே. காய்ந்த ரோடு, நல்ல டயர், ஓட்டுகிறவர் ஒரே நொடியில் பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40-ல் வரும் கார் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வருவதற்கு 37 மீட்டர் வேண்டும். 80-க்கு 58 மீட்டர். இன்னொன்று கேளுங்கள். 40-ல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 60-ல் வந்த கார் இன்னும் 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஓட்டுகிறவர் யோசித்து முடிக்கவே 16, 17 மீட்டர் போய்விடுகிறது. “கண்ட்ரோல்லதான் ஓட்டுறேன் தாத்தா” என்று பேரன் சொன்னால், இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

நமக்கான கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம் வயதில் நடை நொடிக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்தால், 15 மீட்டர் அகல ரோட்டைக் கடக்கச் சுமார் 19 நொடி ஆகும். அந்த 19 நொடிக்குள் 40-ல் வரும் வண்டி 210 மீட்டர் கடக்கும். 60-ல் வருவது 310 மீட்டருக்கு மேல் கடக்கும். நாம் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து, “தூரத்தில்தானே வருகிறது” என்று காலை எடுத்து வைத்த அந்த வண்டிதான் நடு ரோட்டில் நம் முன் வந்து நிற்கிறது. ஹஸ்கிஸனுக்கு நடந்ததும் இதுவே.

சோழவரம்

இளவயதில் எனக்கும் வேகம் பிடிக்கும். பிடிக்காதவர் யார்? எழுபதுகளில் நண்பர்களோடு செங்குன்றம் வழியாகச் சைக்கிளை மிதித்துச் சோழவரம் போய் மோட்டார் பந்தயம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வெயிலில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, எண்ணெய் வாசனையும் எஞ்சின் அலறலுமாக நாள் முழுக்க நின்றிருக்கிறோம். என் வாசகர்களில் பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள்.

இப்போது யோசித்தால் எனக்குப் புலப்படுவது வேறு. அங்கே எல்லாரும் ஒரே திசையில் ஓட்டினார்கள். எதிரே யாரும் வரவில்லை. தயிர்க்காரி குறுக்கே நடக்கவில்லை. பந்து பிடிக்கக் குழந்தை ஓடி வரவில்லை. ஓட்டியவர்கள் தலையில் ஹெல்மெட். ஆபத்து என்றால் கொடி காட்ட ஆள் இருந்தது. அந்த இடமே வேகத்துக்காக ஒதுக்கிய இடம்.

அப்படி ஒதுக்கிய இடத்திலும் வேகம் மன்னிப்பதில்லை. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த அதே 1955-ல், ஜூன் 11 அன்று, பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓட்டிய பியர் லெவேயும் இறந்தார். அதன் பிறகு ஸ்விட்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதைப் பந்தயத்தையே பல பத்தாண்டுகள் தடை செய்துவிட்டது. மற்ற நாடுகள் பார்வையாளரை ஓடுதளத்திலிருந்து தள்ளி நிறுத்தின, தடுப்புகளைப் பலப்படுத்தின. ரயில் கற்றதைப் பந்தயமும் கற்றது.

சென்னையில் பந்தயம் 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. முறையாகக் கட்டிய ஓடுதளம். சோழவரம் அமைதியானது. ஆனால் சோழவரத்து வேகம் ஓய்வு பெறவில்லை. அது மெல்ல சி.டி.எச். ரோட்டுக்கும், பூந்தமல்லி ரோட்டுக்கும், பிறகு வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலைக்கும் குடிவந்துவிட்டது. வரும்போது ஹெல்மெட்டையும் கொடிக்காரரையும் ஒருவழிப் பாதையையும் சோழவரத்திலேயே விட்டுவிட்டு வந்தது.

ஊரும் நாட்டுப்புறமும்

ஊருக்குள் வேகத்துக்கு ஒரு காரணம் காசு. ஒரு நாளைக்கு இத்தனை டிரிப் அடித்தால் இவ்வளவு என்று கணக்கு வைத்தால், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் எப்படி மெதுவாகப் போவார்? ஷேர் ஆட்டோக்காரர் அடுத்த நிறுத்தத்து ஆட்களைப் பிடிக்க முந்துகிறார். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிய பையனுக்குக் கைப்பேசியே எஜமானர். இவர்களைத் திட்டுவது சுலபம். தாமதமாக வந்தால் முகம் சுளிக்கும் நாமும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

பட்டாபிராம் தாண்டினால் வேறு பிரச்சினை. ரோடு திறந்துகொள்கிறது, கால் தானாக அழுத்துகிறது. ஆனால் திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே அது இன்னும் கிராமத்து ரோடுதான். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இருக்கும். மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயும். நகரத்தில் நெரிசல் ஓரளவு நம்மைக் காப்பாற்றுகிறது. நாட்டுப்புறத்தில் காலி ரோடே ஆளை ஏமாற்றுகிறது. அடிபட்டால் ஆஸ்பத்திரியும் தூரம்.

இத்தனைக்கும் மிச்சமாவது எவ்வளவு? ஆவடியிலிருந்து திருவள்ளூர் சுமார் 21 கிலோமீட்டர். 40-ல் போனால் அரைமணியைச் சற்றுத் தாண்டும். 60-ல் போனால் 21 நிமிடம். வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டால் பத்து நிமிட லாபம். அதில் பாதியை வழியிலுள்ள சிக்னலும் கடைத்தெருவும் விழுங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் பத்தில் ஏழு சாவுக்கு மேல் அதிவேகத்தால் என்று பதிவு. அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884. ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு பஸ் நிறையச் சனம், தினமும்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தியது. கார்களுக்கு விரைவுச் சாலையில் 120, நான்கு வழிச் சாலையில் 100, நகராட்சிச் சாலையில் 70. கை கால் இழந்தது போல் முடங்கிப்போன ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, பழைய வரம்புக்குத் திரும்பச் சொன்னது. ரோடு நன்றாக இருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டினால், உடம்பு எங்கே போகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன்.

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை புதிய வரம்புகளை வைத்தது. கார் போன்ற இலகுரக வண்டிக்கு 60, கனரக வண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதியில் எல்லாருக்கும் 30. நம் ஆவடிக்கு 2022 ஜனவரி 1 முதல் தனிக் காவல் ஆணையரகம் உண்டு. ஆனாலும் குடியிருப்புத் தெருவுக்கு 30 என்பது எந்த எல்லைக்கும் பொருந்துகிற எண்.

ஏனென்றால் அந்த 30 சும்மா வந்த எண் அல்ல. 1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. ‘விஷன் ஜீரோ’ என்று பெயர். மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது. ஆகவே உடம்பு தாங்கும் அளவுக்கு மேல் வேகம் இருக்கக் கூடாது. நடக்கிறவரும் வண்டியும் கலக்கிற இடத்தில் அந்த அளவு 30. என் மூத்தவர் அளவுமானியை வைத்துக்கொண்டு சொன்ன டாலரன்ஸ் பாடம்தான் இது.

நாம் செய்யக்கூடியது

வயதானவர்கள் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். சில செய்யலாம். இருட்டில் நடை போகிறவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். நடு ரோட்டில் தயங்கித் திரும்பாதீர்கள். ஐம்பதடி சுற்றினாலும் சிக்னல் இருக்கிற இடத்தில் கடங்கள். பேரனுக்கோ பேத்திக்கோ வண்டி வாங்கப் பணம் கொடுக்கிறவர் பெரும்பாலும் நாம்தான். கொடுக்கும்போது எத்தனை சி.சி. என்று நாமும் ஒரு வார்த்தை சொல்லலாம். காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது 80-க்கு மேல் போனால் வண்டியே கீச்சிடும்படி 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் வைத்திருக்கிறார்கள். அது கீச்சிட்டால் நீங்களும் சேர்ந்து சத்தம் போடுங்கள். பெரியவர் சொன்னால் டிரைவர் கேட்பார்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் பயப்படாமல் 108-ஐ அழையுங்கள். உதவி செய்கிறவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019 திருத்தத்தில் சட்டமே பாதுகாப்புத் தந்திருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, குறிப்பிட்ட வரம்பு வரை, அரசே ஏற்கிறது. இந்த இரண்டு செய்தியும் தெரியாமல் எத்தனையோ பேர் விலகிப் போகிறார்கள். நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் வேகமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்கள். வேகம் பழக வேண்டுமா, இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் இருக்கிறது. முறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், உடம்பு முழுக்கக் கவசம் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். சீக்கிரம் போக வேண்டுமா, நம் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தால் போதும். சி.டி.எச். ரோட்டில் மட்டும் பால் வாங்கப் போகிறவர்களும் உண்டு என்று நினைவு வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள்.